ஆனி மாதத்துக் காலையில் நகராத நிழல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூங்காக்களிலும் பள்ளி வளாகங்களிலும், நாமே நின்று நம் நிழலால் மணி பார்க்கும் ‘மனித நிழற்கடிகாரம்’ அமைக்கலாம் என்று பரிந்துரைத்துத் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகள் கைப்பேசியை மறந்து சற்று நேரம் வெயிலில் நிற்பதற்கு அது ஒரு காரணமாகுமானால் வரவேற்க வேண்டியதே. ஆனால் கட்டுரையில் சொல்லப்பட்டிருக்கும் வடிவம் ஐரோப்பிய வெயிலுக்கு ஏற்றது. தமிழ்நாட்டு வெயிலுக்கு ஆண்டில் நான்கு மாதம் ஒத்துவராது. ஒத்துவரக்கூடிய வடிவங்கள், அதாவது மணிக் குறிகள் சம இடைவெளியில் அமையும் நிழற்கடிகாரங்கள், நெடுங்காலமாகவே கணக்கோடு இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அவற்றைப் பற்றிச் சில செய்திகளைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நான் கண்ணால் கண்டதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதிப் பூங்கா ஒன்றில் இத்தகைய கடிகாரம் ஒன்று தரையில் வரையப்பட்டிருக்கிறது. நடுவில் மாதங்களின் பெயர்கள் எழுதிய ஒரு கோடு. சுற்றிலும் நீள்வட்டத்தில் மணி எண்கள். அந்தந்த மாதத்தின் பெயர்மீது நாம் நின்றால் நம் நிழல் விழும் எண்ணே அப்போதைய மணி. சென்ற ஆண்டு ஜூன் 21 அன்று காலை ஏழு மணிக்கு என் பேத்தியை அங்கே அழைத்துச்சென்று ‘ஜூன்’ என்ற எழுத்தின்மீது நிற்கவைத்தேன். நிழல் மேற்கே சற்றுத் தெற்காகச் சாய்ந்து நீண்டு கிடந்தது. நிழலின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டு நடைப்பயிற்சியை முடித்துக்கொண்டு எட்டு மணிக்கு வந்து பார்த்தோம். நிழல் குட்டையாகியிருந்தது, ஆனால் அதே கோட்டில்தான் கிடந்தது. ஒன்பதுக்குப் பார்த்தபோதும் கோட்டைவிட்டு விலகியதாகச் சொல்ல முடியாத அளவுக்குத்தான் நகர்ந்திருந்தது. “தாத்தா, கடிகாரம் நின்னுபோச்சு” என்றாள் பேத்தி. அவள் சொன்னதில் தவறில்லை. அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் 6, 7, 8, 9 என்ற நான்கு எண்களும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நின்றன. நிழல் நான்கின்மீதும் ஒரே நேரத்தில் படிந்திருந்தது.

அதை வரைந்தவர்மீது குற்றம் சொல்வதற்கில்லை. நான் நாடா வைத்து அளந்து பார்த்தேன். கணக்கு சரியாகவே இருந்தது. இவ்வகைக் கடிகாரத்தில் நீள்வட்டத்தின் அரை அகலத்தை, அதாவது கிழக்கு மேற்காக உள்ள பாதியை, ஊரின் அட்சரேகையின் சைன் மதிப்பால் பெருக்கினால் வடக்கு தெற்காக உள்ள பாதி கிடைக்கும். பிரான்சில் புர்க்-ஆன்-ப்ரெஸ் ஊரின் ப்ரூ தேவாலயத்துக்கு முன்னால் இவ்வகையில் புகழ்பெற்ற பழைய கடிகாரம் ஒன்று உண்டு. அந்த ஊரிலேயே பிறந்த வானியலாளர் லாலாந்து 18ஆம் நூற்றாண்டில் அதைச் செப்பனிட்டார். அங்கே அட்சரேகை 46 பாகை. ஆகவே 2 மீட்டருக்கு 1 மீட்டர் 44 சென்டிமீட்டர் என்று நீள்வட்டம் பருத்து அழகாக அமையும். மதுரையின் அட்சரேகை 10 பாகைக்குச் சற்றுக் குறைவு. 2 மீட்டருக்கு வெறும் 34 சென்டிமீட்டர்தான் வரும். நசுங்கிய தட்டைப் போன்ற இந்த நீள்வட்டத்துக்குள் ஜூன் மாதத்துக்கான இடமே அடங்காது. அது மையத்திலிருந்து 85 சென்டிமீட்டர் வடக்கே, நீள்வட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. வெளியே நிற்பவரிடமிருந்து இழுக்கும் ஒரு கோடு நீள்வட்டத்தை இரண்டு இடங்களில் வெட்டும் என்பதால் ஒரே நிழல் இரண்டு மணிகளைக் காட்டும். வானத்தில் நடப்பதன் நேர்ப்படம்தான் இது. சூரியன் நம் தலைக்கு வடக்கே கடந்துபோகும் மாதங்களில் காலையில் அதன் திசை முதலில் சற்றுத் தெற்கு நோக்கி நகர்ந்து, பிறகு திரும்பி வடக்கு நோக்கி வரும். ஜூன் 21 அன்று மதுரையில் சூரியன் உதித்ததிலிருந்து ஏறத்தாழ ஒன்பதரை மணிவரை அதன் திசை மொத்தம் இரண்டரைப் பாகைக்குள்தான் ஆடுகிறது. நிழலின் திசையைக் கொண்டு மணி சொல்லும் எந்தக் கருவியும் அந்த நேரத்தில் ஊமையாகிவிடும். ‘நிழலில்லா நாள்’ என்று இப்போது பள்ளிகளில் கொண்டாடுகிறார்களே, மதுரையில் அது சித்திரை பிறந்த ஓரிரு நாளில் ஒரு முறையும் ஆகஸ்டு இறுதி வாரத்தில் ஒரு முறையும் வருகிறது. அந்த இரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட காலம் முழுவதும் இந்தக் கோளாறு கூடவோ குறையவோ இருந்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் பாடப்புத்தகங்களில் வரும் சாதாரணக் கிடைமட்டக் கடிகாரத்தை, தட்டின்மீது முக்கோணத் தகடு நிற்குமே அதை, வைக்கலாமே என்று கேட்கலாம். அதில் முக்கோணத்தின் சாய்விளிம்பு அட்சரேகையின் அளவுக்கு உயர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. மதுரையில் 10 பாகை என்றால் ஏறக்குறையத் தரையோடு படுத்துவிடும். மணிக்கோடுகளின் கோணத்தைக் கணக்கிட அட்சரேகையின் சைனை, மணிக்கு 15 பாகை வீதம் கூடும் கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்க வேண்டும். நான் கணக்கிட்டு வரைந்தபோது 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையே 2.6 பாகையும், 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையே 57 பாகையும் வந்தன. நண்பகலை ஒட்டிய கோடுகள் விசிறி மடிப்புபோல ஒட்டிக்கிடக்க, மாலையில் ஒரு மணி நேரத்துக்குப் பாதித் தட்டு காலியாகக் கிடந்தது. மாணவர்கள் நிழலைப் பார்க்க வருவது இடைவேளை நேரமான பதினோரு மணிக்கும் பன்னிரண்டரைக்கும். கோடுகள் நெருங்கிக்கிடப்பதோ அதே நேரத்தில்.

சம இடைவெளி என்பது அழகுக்காகக் கேட்கப்படுவது அன்று. பூமி தன் அச்சில் ஒரே சீராகச் சுழல்கிறது. மணிக்கு 15 பாகை. அந்த அச்சுக்கு இணையாக ஒரு கோலை நட்டு, கோலுக்குச் செங்குத்தாக ஒரு தட்டைப் பொருத்தினால் கோலின் நிழலும் அந்தத் தட்டில் மணிக்கு 15 பாகை வீதம் ஆண்டு முழுவதும் மாறாமல் சுற்றும். சமமான மணிகளின் மூலக்கருத்து இவ்வளவுதான். மன்னர் சவாய் ஜெய்சிங் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜெய்ப்பூரில் எழுப்பிய சாம்ராட் யந்திரம் என்னும் மாபெரும் நிழற்கடிகாரத்தின் தத்துவமும் இதுவே. சுமார் 27 மீட்டர் உயரமுள்ள அதன் சுவரின் சாய்விளிம்பு அந்த ஊரின் அட்சரேகையான 27 பாகையில் துருவத்தை நோக்குகிறது. இரு பக்கமும் வளைந்து எழும் வில்களில் பாகைகள் சமமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. நிழல் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்வதை நின்று பார்க்கலாம். ஆனால் பெரிதாகக் கட்டினால் துல்லியம் அதே விகிதத்தில் கூடிவிடாது. சூரியன் ஒரு புள்ளி அன்று, அரைப் பாகை அகலமுள்ள வட்டம் என்பதால் எவ்வளவு பெரிய கடிகாரத்திலும் நிழலின் விளிம்பு இரண்டு நிமிட அகலத்துக்கு மங்கித்தான் தெரியும்.

மணிகள் சமமாக இருப்பதால் வேறொரு பெரிய வசதியும் உண்டு. நிழற்கடிகாரம் காட்டுவது அந்த ஊரின் சூரிய நேரம். நம் கைக்கடிகாரம் காட்டுவது 82½ பாகைத் தீர்க்கரேகைக்குரிய இந்தியத் திட்ட நேரம். ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் சென்னை 9 நிமிடமும், மதுரை பதினேழரை நிமிடமும், கோயம்புத்தூர் 22 நிமிடமும் பின்தங்கியவை. இதற்குமேல், பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் சூரிய நேரம் தானே பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பின்தங்கியும் நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தியும் ஓடும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் மதுரையில் நிழற்கடிகாரம் நவம்பர் 3 அன்று கைக்கடிகாரத்தோடு ஒரு நிமிட வேறுபாட்டில் ஒத்துப்போகும். பிப்ரவரி 11 அன்று அரை மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கும். மணிக்கோடுகள் ஏறுமாறாக இருக்கும் தட்டில் இதைச் சரிசெய்ய அட்டவணை ஒன்றைத் தொங்கவிடுவதைத் தவிர வழியில்லை. அட்டவணையை யாரும் படிப்பதில்லை. “தப்பா காட்டுது” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மணிகள் சமமாக உள்ள வளையத்தையோ வேண்டிய அளவுக்குத் திருப்பி வைத்தால் வேலை முடிந்தது. கால் மணி நேரப் பிழையா, எங்கே திருப்பினாலும் அது மூன்றே முக்கால் பாகைதான்.

இனி, சாய்ந்த தட்டு இல்லாமல் சமதளத் தரையிலேயே சமமான மணிகளைப் பெற முடியுமா என்பது கேள்வி. முடியும். லண்டன் கிரெஷாம் கல்லூரியில் வானியல் பேராசிரியராக இருந்து 1652இல் மறைந்த சாமுவேல் ஃபாஸ்டர், அடுத்த நூற்றாண்டில் கணித அறிஞர் யோஹான் ஹைன்ரிஷ் லாம்பர்ட் ஆகிய இருவரின் பெயரால் அழைக்கப்படும் கடிகாரம் அதைச் செய்கிறது. பை என்ற எண்ணைப் பின்னமாக எழுத முடியாது என்று 1761இல் நிறுவிய லாம்பர்ட்தான் இவர். இந்தக் கடிகாரத்தின் கருத்து இது: சாய்ந்த தட்டில் உள்ள சமமான மணி வட்டத்தை நேர்கீழாகத் தரையில் இறக்கினால் அது நசுங்கி நீள்வட்டமாகும், பூங்காவில் நாங்கள் கண்டது அதைத்தான். நேர்கீழாக இறக்காமல், சாய்ந்த தட்டுக்கும் தரைக்கும் இடையிலுள்ள கோணத்தைச் சரிபாதியாக்கும் தளத்துக்குச் செங்குத்தான திசையில் சாய்வாக இறக்கினால், வட்டம் வட்டமாகவே தரையில் வந்து படியும். மணிக் குறிகளும் 15 பாகை இடைவெளி மாறாமல் அப்படியே இறங்கும். வட்டத்தை எந்தத் திசையில் இறக்கினோமோ அதே திசையில் கோல் சாய்ந்திருக்க வேண்டும், அவ்வளவே. அந்தச் சாய்வு 45 பாகையோடு அட்சரேகையில் பாதியைக் கூட்டிய அளவு. மதுரைக்கு 50 பாகை, சென்னைக்கு ஐம்பத்தொன்றரை.

லண்டன்காரர்களுக்கு அங்கே நீள்வட்டமே பருத்திருப்பதால் இது ஒரு நயமான மாற்று மட்டுமே. உண்மையில் இது தேவைப்படுவது நமக்குத்தான். ஏனெனில் இந்தக் கடிகாரத்திலும் கோலின் அடியை நாளுக்கேற்ப வடக்கு தெற்காக நகர்த்தவேண்டும் என்றாலும், அது எந்த நாளிலும் வட்டத்தைவிட்டு வெளியேறுவதில்லை. ஆரம் 1 மீட்டர் என்றால் மதுரையில் ஜூன் 21 அன்றுகூட மையத்திலிருந்து 36 சென்டிமீட்டர் தொலைவில்தான் கோல் நிற்கும். கோல் உள்ளேயே நிற்பதால் ஒரு நிழல் ஒரு மணியை மட்டுமே காட்டும்.

சென்ற ஆடியில் என் வீட்டு மொட்டைமாடியில் இதை அமைத்தேன். ஒரு மீட்டர் கயிற்றால் வட்டம் வரைந்து, கோயிலுக்கு மனை போடும் ஸ்தபதிகள் சங்கு என்னும் முளைக்கோலை நட்டுத் திசை காணும் முறையில், முற்பகலில் நிழல் நுனி வட்டத்தைத் தொட்ட இடத்தையும் பிற்பகலில் தொட்ட இடத்தையும் இணைத்துக் கிழக்கு மேற்கைப் பிடித்தேன். ஒன்றரை மீட்டர் இரும்புக் கம்பியைக் கனமான தகட்டின்மீது 50 பாகை சாய்வில் பற்றவைக்கச் சொன்னபோது பட்டறைக்காரர், “நாப்பத்தஞ்சு வச்சா போதாதா சார், அளவு அட்டை இருக்கு” என்றார். நிலநடுக்கோட்டில் பட்டறை வைத்திருந்தால் அவர் சொன்னது மிகச் சரி. கம்பியை வடக்குப் பார்த்துச் சாய்த்து, தகடு நகர்வதற்கான நடுக்கோட்டில் குறிகள் இட்டேன்: மார்ச், செப்டம்பர் மாதங்களில் இரவும் பகலும் சமமாகும் நாள்களுக்கு மையம், ஏப்ரல் 20க்கும் ஆகஸ்டு 23க்கும் வடக்கே 17 சென்டிமீட்டர், மே 21க்கும் ஜூலை 23க்கும் 31, ஜூன் 21க்கு 36. தெற்குப் பக்கம் குளிர்கால மாதங்களுக்கு இதே அளவுகள். மணி எண்களை ஒட்டுப்பலகையில் வெட்டிய வளையத்தில் எழுதினேன். ஒரு மணிக்கு 26 சென்டிமீட்டர், ஒரு நிமிடத்துக்கு நான்கரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வளையத்தின் 12 என்ற குறி பிப்ரவரியில் வடக்குக் கோட்டிலிருந்து 14 சென்டிமீட்டர் மேற்கே நிற்கும். நவம்பர் தொடக்கத்தில் அரை சென்டிமீட்டர்கூட விலகாது. இந்த ஜூன் 21 அன்று காலை பேத்தி மறுபடியும் பார்த்தாள். ஏழிலிருந்து எட்டுக்கு நிழல் ஏறக்குறையப் பதினைந்து பாகை திரும்பியது.

தரையில் இடமில்லாத பள்ளிகளுக்கு இரண்டு வழிகளைச் சொல்லலாம். ஒன்று, ஆறங்குலப் பிவிசி குழாய். ‘ஒரு வில் வட்ட மையத்தில் தாங்கும் கோணம், பரிதியில் தாங்கும் கோணத்தைப் போல இருமடங்கு’ என்ற தேற்றத்தை நாம் எல்லாரும் மதிப்பெண்ணுக்காக நிரூபித்திருக்கிறோம். குழாயின் முதுகில் நீளவாக்கில் மெல்லிய பிளவு ஒன்றை அறுத்து, குழாயை வடக்கு தெற்காக வைத்து, வடக்கு முனையை 10 பாகை உயர்த்தினால், பிளவு வழியே நுழையும் ஒளிக்கோடு உட்சுவரில் மணிக்கு 15 பாகை அன்று, 30 பாகை வீதம் நகரும். ஏனெனில் ஒளி நுழையும் இடம் மையத்தில் இல்லை, பரிதியில் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் ஒரு முழு வட்டத்தை நிரப்புகிறது என்பதால் சுவர்க் கடிகாரத்தின் முகத்தைப் போலவே எண்கள் சமமாக அமைகின்றன, மணிக்குச் சுமார் 4 சென்டிமீட்டர். பருவத்துக்கேற்ப எதையும் நகர்த்த வேண்டியதுமில்லை. தேற்றத்தைக் கரும்பலகையில் நிரூபிப்பதற்கு முன் இந்தக் குழாயை ஒரு மணி நேரம் வகுப்பு வாசலில் வைத்திருக்க எனக்கு என் பணிக்காலத்தில் தோன்றவில்லையே என்ற வருத்தம் உண்டு.

மற்றொன்று சுவர். கும்பகோணத்தை அடுத்த திருவிசநல்லூர் சிவன் கோயிலில் சுவரில் அரைவட்டமாகச் செதுக்கி நடுவில் முள் பதித்த கடிகாரத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதன் ஆதாயம் சுவர்க் கடிகாரத்தில்தான் தெரிகிறது. தெற்கு நோக்கிய சுவரில், துருவ அச்சுக்கு இணையாக முள்ளைப் பதித்தால், மணிக்கோடுகளுக்கான கணக்கில் சைனுக்குப் பதிலாகக் கொசைன் வரும். 10 பாகையின் கொசைன் ஏறக்குறைய ஒன்று. ஆகவே 15, 30, 45 என்று பாகைமானியை வைத்து அரைவட்டத்தைச் சமமாகப் பிரித்துவிட்டாலே இரண்டு நிமிடத்துக்குமேல் பிழை வராது. தெற்குச் சுவருக்குச் சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி நடுவரை வெயிலே படாது என்பது மட்டுமே குறை. தனித்து நிற்கும் பலகையாக இருந்தால் வடக்கு முகத்திலும் எண்களை எழுதிக்கொள்ளலாம்.

நிழற்கடிகாரம் அமைக்க முன்வரும் உள்ளாட்சி அமைப்புகளும் பள்ளிகளும் இணையத்தில் கிடைக்கும் படத்தை அப்படியே தரையில் வரையச் சொல்லாமல், ‘ஜூன் மாதம் காலை எட்டு மணிக்கு இது என்ன காட்டும்?’ என்று ஒப்பந்தக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். ஏற்கெனவே வரைந்தவற்றை அழிக்கவும் வேண்டியதில்லை. எங்கள் பூங்காவில் உள்ளது ஆவணி நடுவிலிருந்து பங்குனி முடியும்வரை ஒழுங்காகவே மணி காட்டுகிறது. அதை ஒட்டி வடக்கே, நீரூற்றுக்கும் வேலிக்கும் நடுவில், மூன்று மீட்டர் சதுரத்தில் வெயில் மறைக்காத இடம் ஒன்று காலியாக இருக்கிறது. வட்டத்துக்கு இரண்டு மீட்டர் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
மதுரை